ஒவ்வாமைதானா என்று தெரிந்துகொள்ள ஐந்து வழிகள்: யாருக்கு எது ஏற்றது?

காலையில் கண் விழித்ததும் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு தும்மல். மூக்குக்குள் குறுகுறுப்பு, கண் ஓரத்தில் அரிப்பு, மேலண்ணத்தை நாக்கால் தேய்க்கச் சொல்லும் ஊறல். ஒன்பது மணிக்குள் எல்லாம் அடங்கிவிடும். அதற்குப் பிறகுதான் நாள் கெடத் தொடங்கும். தலை கனக்கும், யார் பேசினாலும் எரிச்சல் வரும், படித்த வரியையே மறுபடி படிக்க நேரும். ஆண்டுக்கணக்கில் இப்படி வாழ்கிறவர்கள் ‘எனக்குச் சளி உடம்பு’ என்பார்கள். அதற்குச் சம்பந்தமே இல்லாதது போல, ‘காலையில் என்னிடம் யாரும் பேசாதீர்கள்’ என்றும் சொல்வார்கள். முதல் வாக்கியம் உடம்பைப் பற்றியது, இரண்டாவது குணத்தைப் பற்றியது என்று நினைத்துக்கொள்கிறோம். பல பேருக்கு இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்.

சந்தேகம் வந்த பிறகு எல்லோரும் ஒரே இடத்தில் திகைத்து நிற்கிறார்கள். இது ஒவ்வாமைதானா, எதனால் வருகிறது என்று எப்படி உறுதி செய்வது? மாத்திரை போட்டுப் பார்க்கலாமா? கையில் குத்திப் பார்க்கும் சோதனையா, ரத்தப் பரிசோதனையா? சந்தேகப்படும் உணவை நிறுத்திப் பார்க்கலாமா? அல்லது சில வாரம் குறித்துக்கொண்டே வந்தால் போதுமா? ஐந்தையும் எடைபோட்டுப் பார்ப்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில், ஒப்பிட நேரமில்லாத நிலை

ஏதோ ஒன்றைச் சாப்பிட்ட பிறகோ, குளவியோ தேனீயோ கொட்டிய பிறகோ, ஒரு மருந்தை எடுத்த பிறகோ, சில நிமிடங்களில் இருந்து இரண்டு மணி நேரத்துக்குள் மூச்சுத் திணறல், தொண்டை இறுகல், குரல் மாற்றம், நாக்கு வீக்கம், திரும்பத் திரும்ப வாந்தி, மயக்கம் ஆகியவற்றில் ஏதாவது வந்தால், அங்கே ஐந்து வழி கிடையாது. அது உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை. பெரும்பாலும் உடம்பெங்கும் காணாக்கடி போலத் தடிப்பு இருக்கும். தோலில் எதுவுமே தெரியாமலும் வரலாம்.

இந்த நிலையின் அறிகுறிப் பட்டியலில் மருத்துவ நூல்கள் மனம் சார்ந்த ஒன்றையும் சேர்த்தே எழுதுகின்றன: ‘ஏதோ விபரீதம் நடக்கப்போகிறது, நான் பிழைக்க மாட்டேன்’ என்று திடீரென்று எழும் உணர்வு. அதை வெறும் பதற்றம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும் அட்ரினலின் ஊசிதான் முதல் மருந்து. அலர்ஜி மாத்திரை அதற்கு ஈடாகாது. ஆளைப் படுக்கவைத்துக் காலை உயர்த்தி வைக்க வேண்டும். மூச்சுவிடச் சிரமப்பட்டால் காலை நீட்டி உட்காரவைக்கலாம், எழுந்து நடக்க விடக் கூடாது. ஊசியில் சரியாகிவிட்டாலும் சில மணி நேரம் கழித்து அறிகுறிகள் திரும்பக்கூடும். அதனால் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும்.

இனி வருவது, இந்த அளவுக்கு அவசரமில்லாத, ஆனால் நாளையும் தூக்கத்தையும் தின்றுகொண்டிருக்கும் ஒவ்வாமை பற்றியது.

எந்த அளவுகோல்களால் எடைபோடுவது?

அளவுகோலை முடிவு செய்வதற்கு முன் ஓர் உண்மையை மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்கே 1906இல் ‘அலர்ஜி’ என்ற சொல்லை உருவாக்கினார். உடலின் எதிர்வினை மாறிப்போவதைக் குறிக்கத்தான் அவர் அதைப் பயன்படுத்தினார். அந்த மாற்றத்தை நடத்தும் ஐஜிஈ என்ற எதிர்ப்புப் புரதம் 1960களின் பிற்பகுதியில்தான் பிடிபட்டது. அமெரிக்காவில் பணியாற்றிய இஷிசாகா தம்பதியும், சுவீடனில் யோஹான்சன், பென்னிச் இருவரும் தனித்தனியே அதைக் கண்டறிந்தார்கள். மகரந்தம், தூசி உண்ணி (வீட்டுத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்), நிலக்கடலை என்று ஏதோ ஒன்றுக்கு எதிராக உருவான ஐஜிஈ, மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்பு செல்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அந்தப் பொருள் மறுபடி வந்ததும் அந்த செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளை வெளியே கொட்டும். சில நிமிடங்களில் தும்மலும் அரிப்பும் தொடங்கிவிடும்.

ஆனால் உடம்பில் ஐஜிஈ இருப்பது வேறு, அதனால் அவதிப்படுவது வேறு. சோதனையில் ‘ஆம்’ என்று வந்தும் வாழ்நாளில் ஒரு தும்மல்கூட வராதவர்கள் நிறையப் பேர். கையிலும் ரத்தத்திலும் செய்யும் சோதனைகள் முதலாவதைத்தான் காட்டுகின்றன. இரண்டாவதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

அதனால் ஒவ்வொரு வழியிடமும் இந்தக் கேள்விகளை வைக்கிறேன்.

- ‘ஒவ்வாமையா?’, ‘எதற்கு?’, ‘என்னை எவ்வளவு பாதிக்கிறது?’ என்ற மூன்றில் எதற்கு இது பதில் சொல்கிறது?
- எந்த இடத்தில் பொய்யாக ‘ஆம்’ சொல்லும், எந்த இடத்தில் பொய்யாக ‘இல்லை’ சொல்லும்?
- எத்தனை நாள் பிடிக்கும்?
- வெளியே தெரியாத செலவு என்ன? பணத்தைச் சொல்லவில்லை. நிறுத்த வேண்டிய மருந்து, இழக்கும் தூக்கம், வீணாக விலக்கும் உணவு, புதிதாகப் பிடித்துக்கொள்ளும் பயம்.
- மனநிலையும் தூக்கமும் இதன் கண்ணில் படுமா?

கடைசிக் கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. என்னைப் பொறுத்தவரை அதுதான் முதலில் வர வேண்டியது.

வழி 1: குறிப்பேடு

செலவே இல்லாதது என்பதாலேயே இதை யாரும் மதிப்பதில்லை. இரண்டு முதல் நான்கு வாரம், ஒரு நோட்டு, ஒரு பேனா. ஆனால் எழுத வேண்டிய முறையில் எழுத வேண்டும். ‘இன்று அலர்ஜி அதிகம்’ என்று எழுதுவதால் பயனில்லை. இப்படி இருக்க வேண்டும்:

*செவ்வாய், மாலை 5: புத்தக அலமாரி ஒழித்தேன். 5.20: தும்மல் ஒன்பது, இரண்டு கண்ணிலும் அரிப்பு, மூக்கில் தண்ணீராக ஒழுக்கு. 6.30: அடங்கியது. இரவு 11: மூக்கடைப்பு, முதலில் இடது, புரண்டு படுத்ததும் வலது. மூன்று முறை விழிப்பு. புதன் காலை: வாய் வறட்சி. மனநிலை பத்துக்கு மூன்று. சின்ன விஷயத்துக்குக் குழந்தையைத் திட்டினேன்.*

இந்தப் பக்கம் சொல்வதை எந்தச் சோதனைச்சாலையும் சொல்லாது. ஒவ்வாமை இரண்டு அலையாக வருகிறது. முதல் அலை நிமிடங்களில் வரும் தும்மலும் அரிப்பும். இரண்டாவது அலை நான்கு முதல் எட்டு மணி நேரம் கழித்து வரலாம். அதில் அடைப்புதான் முன்னே நிற்கும். செவ்வாய் மாலை ஐந்து மணித் தூசிக்கு விலை கொடுத்தது புதன்கிழமைக் காலை. ‘காலையில் எதையும் தொடவே இல்லையே, எதனால் வந்தது?’ என்று திகைப்பவர்கள், முந்தைய நாள் மாலையையும் இரவையும் புரட்டிப் பார்க்க வேண்டும்.

மனநிலை ஏன் சரிகிறது என்பதும் அதே பக்கத்தில் இருக்கிறது. படுத்ததும் மூக்கின் உட்சுவரில் ரத்தம் தேங்கி அடைப்பு கூடுகிறது. வாயால் மூச்சுவிடுகிறோம். தூக்கம் துண்டு துண்டாகிறது. விழித்த நினைவுகூட இருக்காது, களைப்பு மட்டும் மிஞ்சும். அழற்சியின்போது உடலில் சுரக்கும் வேதிப்பொருள்களும் சோர்வையும் மந்தத்தையும் தருகின்றன. காய்ச்சல் வரும் நாளில் யாரையும் பார்க்கப் பிடிக்காமல் போகிறதே, அந்த மனநிலையின் லேசான வடிவம் இது. நாட்பட்ட மூக்கு ஒவ்வாமை உள்ளவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுவதை ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சுட்டியிருக்கின்றன. அதை வைத்து ஒன்றுதான் இன்னொன்றுக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று சொல்ல அது போதும்.

மனநிலை எண்ணை மூக்குக் குறிப்புக்கு முன்பே எழுதிவிடுங்கள். தும்மலை எழுதிய கை, மனநிலையையும் குறைத்தே போடும். மூன்று வாரம் கழித்து இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூக்கு தொல்லை தராத நாட்களிலும் மனம் கீழேயே கிடந்தால், அதுவும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அதை ஒவ்வாமையின் கணக்கில் எழுதாதீர்கள். அதற்குத் தனியாக உதவி தேட வேண்டும்.

சளிக்காய்ச்சலையும் ஒவ்வாமையையும் பிரிக்கவும் நோட்டு உதவும். ஒவ்வாமையில் அரிப்பு இருக்கும், காய்ச்சல் இருக்காது. ஒழுக்கு தெளிந்த தண்ணீர் போல இருக்கும். சாதாரணச் சளி ஏழு முதல் பத்து நாளில் பெரும்பாலும் விடைபெற்றுவிடும். வாரத்தில் நான்கு நாளுக்கு மேல், தொடர்ந்து நான்கு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதை ‘நிலைத்த’ வகை என்று மருத்துவர்கள் சர்வதேச வழிகாட்டுதலின்படி பிரிக்கிறார்கள். அதே வழிகாட்டுதல், தூக்கம் கெட்டாலோ வேலையும் படிப்பும் தடைப்பட்டாலோ அதை ‘லேசானது’ என்ற பட்டியலில் இருந்து எடுத்துவிடச் சொல்கிறது. ஆக, தூக்கம் கெடுகிறது என்று மருத்துவரிடம் சொல்லாதவர் தன் நோயைப் பாதிதான் சொல்லியிருக்கிறார். ஒரே பக்கத்து மூக்கில் மட்டும் அடைப்பு, ரத்தம், துர்நாற்றம், முகவலி என்று இருந்தால் நோட்டை மூடிவிட்டு நேரே காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

குழந்தைகளுக்குப் பெரியவர்கள்தான் எழுத வேண்டும். உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்ப்பது, அதனால் மூக்கின் குறுக்கே விழும் மெல்லிய கோடு, கண்ணுக்குக் கீழே கருவளையம், திறந்த வாய், தொண்டையைக் கனைத்துக்கொண்டே இருப்பது எல்லாம் கண்ணால் பார்க்கக்கூடிய தடயங்கள். ‘கவனமே இல்லை, எப்போதும் தூங்கி வழிகிறான்’ என்ற பள்ளிக்கூடப் புகாருக்குப் பின்னால் இரவெல்லாம் அடைத்த மூக்கு இருக்கலாம்.

குறை என்ன? ஒன்றின் மேல் சந்தேகம் விழுந்துவிட்டால் கண் அதையே தேடும். ஆண்டு முழுவதும் வீட்டுக்குள்ளேயே இருக்கும் தூசி உண்ணியை நோட்டால் எளிதில் பிடிக்க முடியாது. எல்லா நாளும் இருப்பது எந்த நாளிலும் தனித்துத் தெரியாது. வாசனைத் திரவியம், புகை, குளிர்காற்று ஆகியவற்றால் மூக்கு ஒழுகும் ஒவ்வாமை அல்லாத வகையும் பக்கத்தில் அதே தோற்றத்தில்தான் பதிவாகும். உடம்பையே கவனித்துக் கவனித்துப் பயம் பிடித்துக்கொள்கிறவர்களும் உண்டு. அவர்கள் இரண்டு வாரத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வழி 2: மருந்து கொடுத்துப் பார்ப்பது

அறிகுறிகள் தெளிவாக இருந்தால் பல மருத்துவர்கள் சோதனை எதுவும் எழுதாமல் இதைத்தான் முதலில் செய்வார்கள், அது நியாயமானதும்கூட. சிகிச்சை எப்படியும் அதுவேதான் என்றால் சோதனை எதற்கு? மருந்து கேட்டுக் குணமானால் காரியம் முடிந்தது.

ஆனால் எந்த மருந்து என்பதில்தான் இந்த வழியின் மறைமுகச் செலவு முழுவதும் இருக்கிறது. குளோர்ஃபெனிரமின், டைஃபென்ஹைட்ரமின், புரோமெத்தசின் போன்ற பழைய தலைமுறை மாத்திரைகள் மூளைக்குள் புகுந்துவிடும். தூக்கம் வரும். அந்தத் தூக்கம் நல்ல தூக்கமாகவும் இராது, மறுநாள் மந்தம் ஒட்டிக்கொள்ளும். பல ‘சளி மாத்திரை’களில் இவை ஒளிந்திருக்கின்றன. நான் இப்படிப்பட்ட மாத்திரையைப் பல ஆண்டு இரவில் போட்டுக்கொண்டிருந்தேன். காலை மந்தத்தை அலர்ஜியின் கணக்கிலும், சில நாள் என் சோம்பலின் கணக்கிலும் எழுதினேன். மருந்தை மாற்றிய இரண்டாவது வாரம், காலை ஏழு மணிக்கு ஒரு முழுக் கடிதத்தை நிறுத்தாமல் எழுதி முடித்தபோதுதான், அத்தனை ஆண்டும் எதை இழந்திருந்தேன் என்று புரிந்தது. லோராடடின், ஃபெக்சோஃபெனடின் போன்ற புதிய தலைமுறை மாத்திரைகளில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. செடிரிசின் சிலருக்குத் தூக்கத்தைத் தரும்.

இந்த மாத்திரைகள் தும்மல், அரிப்பு, ஒழுக்கு மூன்றையும் அடக்கும், அடைப்பை அவ்வளவாக அடக்காது. தூக்கத்தைக் கெடுப்பதோ அடைப்பு. அதற்கு மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேதான் சரி. ஆனால் அதன் முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூட ஆகும். மூன்று நாளில் ‘கேட்கவில்லை’ என்று நிறுத்துவது பரீட்சை ஆகாது. முனையை மூக்கின் நடுச்சுவரை நோக்கிப் பிடிக்காமல், சற்று வெளிப்பக்கமாகச் சாய்த்து அடிக்க வேண்டும். நடுச்சுவரில் அடித்தால் எரிச்சலும் ரத்தமும்தான் மிச்சம்.

உடனே மூக்கைத் திறந்துவிடும் ஆக்சிமெடசோலின், சைலோமெடசோலின் சொட்டு மருந்துகளைச் சில நாளுக்கு மேல் தொடர்ந்தால், மருந்தே அடைப்பை உண்டாக்கத் தொடங்கிவிடும். ஆஸ்துமாவுக்கும் மூக்கு ஒவ்வாமைக்கும் கொடுக்கும் மான்டெலுகாஸ்ட் மாத்திரையைப் பற்றி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2020 மார்ச்சில் மிகக் கடுமையான எச்சரிக்கையை மருந்துக் குறிப்பில் சேர்க்க உத்தரவிட்டது. கெட்ட கனவு, கொந்தளிப்பு, மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் வரை வரலாம் என்பதே அது. மூக்கு ஒவ்வாமைக்கு மட்டும் என்றால், மற்ற மருந்துகள் பலன் தராதவர்களுக்கும் அவற்றை எடுக்க முடியாதவர்களுக்கும் மட்டுமே கொடுக்கச் சொல்கிறது. அந்த மாத்திரை எடுப்பவரின், குறிப்பாகக் குழந்தையின், மனநிலை மாறியதாகத் தோன்றினால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இனி, இந்த வழி சொல்லும் பொய். பழைய மாத்திரைகள் சாதாரணச் சளியில் ஒழுகும் மூக்கையும் உலர்த்திவிடும். அதனால் ‘மாத்திரை கேட்டது, ஆகவே அலர்ஜி’ என்ற முடிவு பிழையாகலாம். இழுப்பு, நெஞ்சிறுக்கம், இரவு இருமல் உள்ளவர்கள் தாங்களாகவே மருந்து பரீட்சை செய்யக் கூடாது. கர்ப்பிணிகளும் அப்படியே.

வழி 3: தோலில் குத்திப் பார்ப்பது

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மான்செஸ்டரில் சார்ல்ஸ் பிளாக்லி என்ற மருத்துவர், மகரந்தத்தால் தானே அவதிப்பட்டவர், தன் தோலைக் கீறி அதில் மகரந்தத்தை வைத்துப் பார்த்தார். இடம் வீங்கியது. 1873இல் தன் ஆய்வுகளைப் புத்தகமாக வெளியிட்டார். இன்றைய சோதனை அதன் நாகரிகமான வாரிசு.

முன்னங்கையின் உட்புறத்தில் பேனாவால் வரிசையாகக் குறியிடுவார்கள். ஒவ்வொரு குறிக்குப் பக்கத்திலும் ஒரு துளி. துளியின் வழியே ஒரு நுண்முனை தோலின் மேலடுக்கை மட்டும் தொடும். ரத்தம் வராது, எறும்புக்கடி அளவு வலி. பிறகு பதினைந்து இருபது நிமிடம் சொறியாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். வலியைவிட அதுதான் சிரமம். ஒவ்வாமை உள்ள இடத்தில் கொசு கடித்தது போல வெளுத்த மேடும் சுற்றிலும் சிவப்பும் எழும். மூன்று மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் ‘ஆம்’. கூடவே இரண்டு காவல் துளிகளும் உண்டு. ஒன்று உப்புநீர், அது வீங்கக் கூடாது. மற்றது ஹிஸ்டமின், அது வீங்கியே ஆக வேண்டும். ஹிஸ்டமின் துளியே மேடாகவில்லை என்றால், பெரும்பாலும் நோயாளி ஏதோ மாத்திரை எடுத்துவிட்டு வந்திருக்கிறார் என்று பொருள். அன்றைய சோதனை முழுதும் செல்லாது.

இங்கேதான் மறைமுகச் செலவு. அலர்ஜி மாத்திரையை ஏறத்தாழ ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அந்த வாரம் முழுக்க மூக்கும் தூக்கமும் மனமும் கட்டவிழ்ந்து ஓடும். பரீட்சை வாரத்திலோ முக்கியமான வேலை இருக்கும் வாரத்திலோ இந்தச் சோதனையை வைத்துக்கொள்ளாதீர்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மருந்துகளும், ட்ரைசைக்ளிக் வகையும் மிர்டசபினும் போல, தோலின் எதிர்வினையை அடக்கிவிடும். ஆனால் அவற்றை நீங்களாக நிறுத்தவே கூடாது. அந்த மருந்து எடுப்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டு, வழி 4க்குப் போவதே உத்தமம்.

கீறினாலே தடிக்கும் தோல், உடம்பெங்கும் கரப்பான் (எக்ஸிமா என்ற தோல் அழற்சி), கட்டுக்குள் வராத ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது பொருந்தாது. பீட்டா பிளாக்கர் (ரத்தக்கொதிப்புக்கும் இதய நோய்க்கும் கொடுக்கும் ஒரு வகை மருந்து) எடுப்பவர்கள் அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கர்ப்ப காலத்தில் வழக்கமாகத் தள்ளிப்போடுவார்கள். கடுமையான ஒவ்வாமை ஒன்று வந்துபோன உடனே செய்தால் பொய்யாக ‘இல்லை’ வரக்கூடும். நான்கு முதல் ஆறு வாரம் பொறுத்துச் செய்வார்கள்.

மேட்டின் அளவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மேடு பெரிதாக இருந்தால் அந்த ஒவ்வாமை உண்மையாக இருப்பதற்கான வாய்ப்பு கூடுகிறது. அடுத்த முறை எவ்வளவு கடுமையாக வரும் என்பதை அது சொல்லாது. ‘இல்லை’ என்று வந்தால் பெரும்பாலும் நம்பலாம். மூக்கின் உள்ளே மட்டும் ஒவ்வாமை இருந்து, தோலிலும் ரத்தத்திலும் எதுவும் காட்டாத ஒரு வகை மட்டும் விதிவிலக்கு. நகை, தலைச்சாயம், ரப்பர் ஆகியவை தோலில் பட்ட ஓரிரு நாளில் தோல் சிவந்து கொப்பளிக்கும் தொடர்பு ஒவ்வாமையையும் இந்தச் சோதனை காட்டாது. அதற்கு முதுகில் பட்டை ஒட்டி 48 மணி நேரம் வைத்திருக்கும் வேறு சோதனை இருக்கிறது.

வழி 4: ரத்தப் பரிசோதனை

குறிப்பிட்ட ஒரு பொருளுக்கான ஐஜிஈ ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது. எந்த மாத்திரையையும் நிறுத்த வேண்டாம், தோல் எப்படி இருந்தாலும் சரி, உடம்பில் எதுவும் எதிர்வினை நடக்காது. முடிவு வரச் சில நாள் ஆகும். மொத்த ஐஜிஈ என்ற எண்ணை மட்டும் பார்த்து ‘எனக்கு அலர்ஜி’ என்று சொல்பவர்கள் உண்டு. குடற்புழு இருந்தாலும் அது ஏறும், புகைபிடித்தாலும் ஏறும். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

பெரிய ஆபத்து, ஒரே ரத்தத்தில் ஐம்பது நூறு பொருள்களைப் பார்க்கும் தொகுப்புப் பரிசோதனை. கேள்வி இல்லாமல் பதிலை மட்டும் வாங்குவது அது. பட்டியலில் பத்துப் பதினைந்து ‘ஆம்’ வந்து நிற்கும். காலமெல்லாம் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பாலையும் முட்டையையும் கோதுமையையும் மறுநாளே நிறுத்திவிடுவார்கள். உடம்பு மெலியும், சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தாலே பயம் வரும். இந்தப் பயத்தை நான் மிகவும் வெறுக்கிறேன். உணவைச் சந்தேகத்தோடு பார்க்கப் பழகிய மனம் திரும்ப எளிதில் பழைய நிலைக்கு வராது. ஐஜிஜி என்ற வேறு புரதத்தை அளந்து ‘உணவு ஒவ்வாமைப் பட்டியல்’ தருகிற சோதனைகள் இன்னும் மோசம். நாம் ஒன்றைச் சாப்பிட்டிருக்கிறோம் என்பதற்கான சாட்சிதான் ஐஜிஜி. அதை வைத்து உணவு ஒவ்வாமையை முடிவு செய்யக் கூடாது என்று ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர் அமைப்பு 2008இலேயே சொல்லிவிட்டது.

சரியாகப் பயன்படுத்தினால் ரத்தப் பரிசோதனை நுணுக்கமான கருவி. நிலக்கடலையின் எந்தப் புரதத்துக்கு எதிர்ப்பு இருக்கிறது என்றுகூடப் பிரித்துப் பார்க்கலாம். ஒரு புரதம் என்றால் உண்மையான ஆபத்து, இன்னொன்று என்றால் மரத்தின் மகரந்தத்தோடு உள்ள வெறும் சாயல்.

வழி 5: விலக்கிப் பார்த்து, திரும்பச் சேர்ப்பது

உணவில் என்றால், சந்தேகப்படும் ஒரே ஒரு பொருளை இரண்டு முதல் நான்கு வாரம் நிறுத்தி, பிறகு திரும்பச் சேர்த்துப் பார்ப்பது. இரண்டாவது பாதிதான் சோதனை. முதல் பாதியோடு நிறுத்திக்கொள்பவர்கள் எதையும் கண்டுபிடிக்கவில்லை, ஓர் உணவை இழந்தார்கள், அவ்வளவே. பால் குடித்தால் வயிறு உப்புவது போன்ற, ஐஜிஈ சம்பந்தமில்லாத தொல்லைகளை முந்தைய இரண்டு சோதனைகளும் காட்டாது. அங்கே இந்த வழி கைகொடுக்கும்.

ஆனால் சாப்பிட்ட உடனே தடிப்பு, வீக்கம், மூச்சுத் திணறல் வந்த உணவை வீட்டில் திரும்பச் சேர்த்துப் பார்க்கவே கூடாது. அது மருத்துவமனையில், மருத்துவர் பக்கத்தில் இருக்க, சிறுகச் சிறுகக் கொடுத்துச் செய்ய வேண்டியது. உணவு ஒவ்வாமையை நிச்சயமாகச் சொல்லும் சோதனையும் அதுதான். கரப்பான் உள்ள குழந்தைக்கு ஒரு உணவை நீண்ட நாள் நிறுத்திவிட்டுத் திரும்பக் கொடுக்கும்போது, முன்பு இல்லாத கடும் எதிர்வினை வந்ததும் உண்டு. குழந்தைகளுக்கு மருத்துவரைக் கேட்காமல் எதையும் விலக்காதீர்கள். உணவோடு மனப்போராட்டம் இருந்தவர்களுக்கும் இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூக்குக்கு என்றால், மெத்தைக்கும் தலையணைக்கும் உண்ணி புகாத உறை, விரிப்புகளை 60 டிகிரி வெந்நீரில் துவைப்பது, அறையின் ஈரப்பதத்தைக் குறைப்பது ஆகியவற்றைச் செய்து பார்க்கலாம். இதற்கும் வாரங்கள் வேண்டும். பூனையை ஒரு வாரம் உறவினர் வீட்டில் விட்டுப் பார்ப்பதில் பயன் இல்லை. பூனை போன பிறகும் அதன் ஒவ்வாமைப் புரதம் வீட்டில் மாதக்கணக்கில் தங்கும். பூனைக்குப் பதிலாக நீங்கள் சில நாள் வேறு வீட்டில் தங்கிப் பார்ப்பது மேல்.

பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | எதற்குப் பதில் | காலம் | எங்கே ஏமாற்றும் | மறைமுகச் செலவு | மனநிலை தெரியுமா |
|---|---|---|---|---|---|
| குறிப்பேடு | எவ்வளவு பாதிப்பு. எதற்கு என்று ஊகம் | 2–4 வாரம் | எப்போதும் இருக்கும் தூசி உண்ணி | உடம்பையே கவனிக்கும் பழக்கம் | நன்றாகத் தெரியும் |
| மருந்துப் பரீட்சை | நிவாரணம் கிடைக்குமா | சில நாள். ஸ்பிரேக்கு 2 வாரம் | சளிக்கும் கேட்டுவிடும் | தூக்கம், மந்தம், மனநிலை மாற்றம் | மருந்தே குழப்பலாம் |
| தோல் சோதனை | எதற்கு | அதே நாள் | அவதி இல்லாமலும் ‘ஆம்’ | ஒரு வாரம் மாத்திரை இல்லாமல் | தெரியாது |
| ரத்தப் பரிசோதனை | எதற்கு | சில நாள் | தொகுப்பில் பொய் ‘ஆம்’கள் | வீண் பத்தியம், பயம் | தெரியாது |
| விலக்கிச் சேர்ப்பது | உண்மையில் பாதிக்கிறதா | 2–4 வாரம் அல்லது மேல் | பாதியில் விட்டால் | சத்துக்குறை, கடும் எதிர்வினை | குறித்தால் தெரியும் |

யாருக்கு எது?

அறிகுறி லேசானது, எப்போதாவது வருகிறது என்றால் குறிப்பேடும், மருத்துவர் சொல்லும் தூக்கம் தராத மாத்திரையும் போதும். சோதனை வேண்டாம்.

மருந்து எடுத்தும் தூக்கம் கெட்டுக்கொண்டே இருக்கிறது, அல்லது ஆஸ்துமாவும் சேர்ந்திருக்கிறது என்றால் தோல் சோதனை. காரணமான பொருளுக்கு உடம்பை மெல்லப் பழக்கும் ஒவ்வாமைத் தடுப்புச் சிகிச்சைக்குப் போக நினைப்பவர்களுக்கும் சோதனை கட்டாயம். பொதுவாக மூன்று ஆண்டு நீளும் சிகிச்சையை எதற்கு எதிராகத் தொடங்குகிறோம் என்று தெரியாமல் தொடங்க முடியாது.

மாத்திரையை ஒரு வாரம்கூட நிறுத்த முடியாதவர்கள், மனநல மருந்து எடுப்பவர்கள், தோலில் இடமில்லாத அளவு கரப்பான் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ரத்தப் பரிசோதனைக்குப் போகலாம். ஆனால் தொகுப்பாக வேண்டாம். நோட்டில் சந்தேகம் விழுந்த மூன்று நான்கு பொருள்களுக்கு மட்டும்.

ஆறு வாரத்துக்கு மேல் வந்து வந்து மறையும் காணாக்கடிக்கு இந்தச் சோதனைகளில் பணத்தைக் கொட்ட வேண்டாம். அந்த வகையில் பெரும்பாலும் வெளிப்பொருள் எதுவும் காரணமாக இருப்பதில்லை.

இவற்றில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் நோட்டைத் தொடருங்கள். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது முழு நோட்டையும் நீட்டாதீர்கள், அவருக்கு நேரம் இருக்காது. ஒரே தாளில் நான்கு வரி போதும்: வாரத்தில் எத்தனை நாள் வருகிறது; எதைச் செய்த எத்தனை மணி நேரத்தில் வருகிறது; என்ன மருந்து, எத்தனை நாள், என்ன பலன்; மூன்று வாரத்தில் எத்தனை இரவு விழித்தீர்கள், மறுநாள் காலை மனநிலை எண் என்ன. நான்காவது வரியை எழுதக் கூச்சமாக இருந்தால் அதை முதல் வரியாக எழுதிவிடுங்கள்.